கலாதிலகத்தின் ரேட்

ஜப்பானில் பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் பாட்டு நட்சத்திரமாக்க ஏஜென்சிகள் இருக்கின்றன. கேரளத்தில் அந்த வேலையைக் கல்வித் துறையே பார்த்துக்கொள்கிறது. 1986-இல் மாநிலப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் மாணவிக்குக் ‘கலாதிலகம்’, மாணவனுக்குக் ‘கலாபிரதிபா’ என்று பட்டங்கள் வந்தன. முதல் பிரதிபா நடிகர் வினீத். பின்னால் திலகமானவர் நடிகை மஞ்சு வாரியர். பெற்றோருக்கு இது போதாதா? ஒரு மோகினியாட்டத்துக்கு ஆசான் தட்சிணை, பக்கமேளம், கசவு உடுப்பு, மேக்கப்மேன்... அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். பிள்ளை தோற்றால் அப்பீல். அதுவும் தோற்றால் கோர்ட். 2006-இல் பட்டங்களையே ஒழித்தார்கள். அப்பீல் மட்டும் சிரஞ்சீவி.

2025 ஜனவரியில் விழா திருவனந்தபுரத்தில். அதற்குச் சற்று முன், பத்து நிமிட வரவேற்பு நடனம் சொல்லிக்கொடுக்க, கலோத்சவத்தால் புகழ்பெற்ற ஒரு நடிகை ஐந்து லட்சம் கேட்டதாக கல்வி அமைச்சர் சிவன்குட்டி மேடையில் வருந்தினார். நிமிடத்துக்கு ஐம்பதாயிரம்! ‘யார் அந்த நடிகை?’ என்று ஊரே துப்புத் துலக்கக் கிளம்பியதும், பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

விழா நன்றாகவே நடந்தது. திருச்சூர் 1008 புள்ளி, பாலக்காடு 1007. அந்த நடிகை யாராயிருந்தாலும் நான் அவர் கட்சிதான்: திலகமாக்க அவர் அப்பா செலவழித்ததை வட்டியோடு கணக்குப் பார்த்தால், ஐந்து லட்சம் சலுகை விலை.