பார்வை அதிகாரி

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வற்றிப்போன ஒரு போர்வெல், ஓயாத பார்க்கிங் தகராறு, ஆங்கிலம் திருத்துகிற ஒரு ரிட்டயர்டு அதிகாரி ஆகிய மூன்றும் இருந்தே தீரும். மூன்றாமவர்தான் பெரும்பாலும் அசோசியேஷன் செக்ரட்டரி. ரென் அண்ட் மார்ட்டினைக் கரைத்துக் குடித்தவர். அந்த ரென்தான் 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற பாலைவனச் சாகச நாவலையும் எழுதினார் என்று சொன்னால் நம்ப மாட்டார். இலக்கணம் எழுதின கை அப்படியெல்லாம் போகாதாம்.

ஒருமை பன்மைப் பிழையைக்கூட மன்னிப்பார். பார்ப்பது சம்பந்தப்பட்ட சொல்லில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. “நேத்து மேட்ச் ஸீ பண்ணீங்களா அங்கிள்?” என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்டுவிட்டால் போச்சு, லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு பாடம் தொடங்கும். தானாகக் கண்ணில் பட்டால் ஸீ. நாமாகக் கண்ணைத் திருப்பினால் லுக். நடப்பதை விடாமல் கவனித்தால் வாட்ச்.

“அப்போ படம்?”

“தியேட்டர்ல போய்ப் பார்த்தா ஸீ. வீட்டு டிவியிலன்னா வாட்ச்.”

“ஏன் அங்கிள்?”

“அது அப்படித்தான்.”

மேல்தளத்தில் ஒரு பாட்டி லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்.

பையன் நழுவினாலும் பட்டியல் நிற்காது. போகிற போக்கில் பார்த்தால் கிளான்ஸ், கண்ணைச் சுருக்கினால் பியர், சாவித்துவாரம் வழியாக என்றால் பீப், முறைத்தால் கிளேர், வாய் பிளந்தால் கேப். ஆண் பெருவாத்து கழுத்தை நீட்டுவதிலிருந்து கேண்டர். ‘டெக்கோ’வைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் தனிக்களை. இந்தி ‘தேக்கோ’வை இங்கிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோன கதை அது. அறுபத்தைந்தில் இந்தியை எதிர்த்து ஊர்வலம் போனவர் என்பதால், பெருமையை உடனே அடக்கியும் கொள்வார்.

வித்தை கைகொடுக்கும் என்று நம்பித்தான் இரண்டாவது மாடி அம்மா அவரிடம் புகார் கொண்டுவந்தார். எதிர்பிளாக் பையன் சாயங்காலமானால் தங்கள் பால்கனியையே பார்க்கிறானாம். செக்ரட்டரி மினிட்ஸ் நோட்டைத் திறந்து பேனாவை மூடினார். ஸ்டேர் என்று எழுதினால் எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரிய வேண்டும். ஓகிள் என்றால் கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். கேய்ஸ் என்று போட்டாலோ பையனைக் கவிஞன் ஆக்கியதுபோல் இருக்கும்.

“சைட் அடிக்கிறான்னு எழுதுங்க சார், எல்லாருக்கும் புரியும்” என்றார் ட்ரெஷரர்.

“சைட் பெயர்ச்சொல். அதை அடிக்க முடியாது.”

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் கூடுவதற்குள் பையன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்த அம்மாவின் பெண்ணும் பெங்களூரில்தான் வேலை தேடுகிறாள் என்று கேள்வி.

பிறகு ஒரு சைக்கிள் காணாமல் போயிற்று. வாட்ச்மேனின் ‘ஓவர்சைட்’டில் போனதாக நோட்டீஸ் ஒட்டினார் செக்ரட்டரி. மேற்பார்வை என்பதைத்தான் அவர் நினைத்தது. கவனக்குறைவு என்பதும் அதே சொல்தான். ஆங்கிலேயர் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்ததில் நிர்வாக அனுபவம் தெரிகிறது என்பது என் கட்சி. கமிட்டி கவனக்குறைவு என்றே படித்து, வாட்ச்மேன் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் பிடித்தது.

வாட்ச்மேனுக்கு ஆறுதலாக எதையாவது சொல்லப்போய், நெல்சன் கதையை எடுத்தார் செக்ரட்டரி. 1801, கோபன்ஹேகன் கடற்போர். பின்வாங்கு என்று மேலதிகாரியின் கப்பலில் கொடி ஏறுகிறது. நெல்சன் தொலைநோக்கியைப் பார்வை போன கண்ணில் வைத்துக்கொண்டு, எந்தக் கொடியும் தெரியவில்லையே என்கிறார்.

வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். “அப்புறம் சார், சண்டை?”

“ஜெயிச்சுட்டார்ப்பா.”

“கண்டுக்காம விட்டதுக்கு மெமோ?”

“மெமோவா? விஸ்கவுன்ட் பட்டம் குடுத்தாங்க.”

“அவருக்குப் பட்டம் குடுத்திருக்காங்க. எனக்கு ஐந்நூறு ரூபா புடிச்சிட்டீங்களே சார். திருப்பிக் குடுப்பீங்களா?”

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பார்க்கலாம்ப்பா” என்றார்.

இதற்கு வாட்ச்மேன் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. நேராக ட்ரெஷரர் வீட்டு பெல்லை அடிக்கப் போனார்.