ஒயர் மாமா

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் ஒரு ஒயர் மாமா இருந்தே தீருவார். கம்ப்யூட்டர் பத்திரிகைகள் லினக்ஸ் சிடியை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்த 2000-ஐ ஒட்டிய வருடங்களில் சென்னையில் தழைத்த இனம் இது. வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கும். இரண்டுக்கும் மூடி இருக்காது. இரண்டையும் இணைக்க நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட்டால் தீர்ந்தது விஷயம். "கார்டு போட்டா எவன் வேணா கனெக்ட் பண்ணுவான் சார்" என்பார். அதனால் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒன்பது பின் கனெக்டர் இரண்டு வாங்கிவந்து, இந்தப் பக்கத்து இரண்டாம் பின்னை அந்தப் பக்கத்து மூன்றிலும், மூன்றை இரண்டிலும், ஐந்தை ஐந்திலும் பற்றவைத்து, மோடமும் டெலிபோனும் இல்லாத டயல்-அப் ஒன்றை ஹாலிலேயே நிறுவுவார்.

அது வேலை செய்யாது. மாமாவின் முகம் மலர்வது அப்போதுதான்.

டயல்-அப் இணைப்பைப் பேசி முடிக்கும் பிபிபி புரோகிராமை 'டிபக்' போட்டு ஓடவிட்டு, பக்கத்து விண்டோவில் லாகைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். எல்சிபி டைம்அவுட். "இவன் கூப்பிட்டுண்டே இருக்கான், அவன் வாயைத் திறக்கமாட்டேங்கறான்." சமையலறையிலிருந்து மாமி: "இந்த ஆத்துல அது என்ன புதுசா?"

கட்டளையில் 'லோக்கல்' என்று ஒரு வார்த்தை சேர்க்காவிட்டால், இல்லாத மோடத்தின் சிக்னலுக்காக பிபிபி காத்துக் கிடக்கும். 'நோஆத்' விட்டுப்போனால், ஒரே மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் பாஸ்வேர்டு கேட்டாலும் கேட்கும். இதையெல்லாம் மாமா, காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனுக்குக்கூட விளக்கியிருக்கிறார். இன்னொரு கோளாறு உண்டு: அனுப்பியதே அப்படியே திரும்பி வருவது. எதிரில் ஆளில்லாமல் தன் பேச்சையே தான் கேட்டுக்கொண்டிருப்பதை பிபிபி சட்டென்று கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக ஒரு மாய எண் வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு அந்த வசதி செய்து கொடுக்கப்படவில்லை.

மாடிவீட்டுப் பையன் ஒரு பாட்டுக்காக வந்து நிற்பான். "பிளாப்பில தாங்களேன் மாமா." பிளாப்பியா! வேகம் நொடிக்கு 1,15,200 பிட் என்று கர்ஜிப்பார். தொடக்க பிட், நிறுத்த பிட் எல்லாம் கழித்தால் அது 11,520 பைட். ஒரு பிளாப்பி அளவுக்கே இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும், 650 எம்பி சிடிக்குப் பதினாறு மணி நேரம் தாண்டும். இந்தக் கணக்கை அவரிடம் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. காபி கொடுக்கிற வீடு.

ஒருநாள் லிங்க் வந்தேவிடும். 'இருக்கியா?' என்று கேட்கும் பிங் போனது, பதில் வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. அந்த ஒயரில் அதைத் தவிர வேறெதுவும் போய் நான் பார்த்ததில்லை. "அதான் வந்துடுத்தே மாமா, பாட்டு?" என்றான் பையன்.

"வந்துடுத்துடா, ஆனா நேத்திக்கு ஏன் வரலைன்னு தெரியலையே!" என்று கேபிளைப் பிடுங்கி, மல்டிமீட்டரைத் தேடினார்.