ஆறப்போடல் இயல்: லினக்ஸ் டெஸ்க்டாப் அப்டேட் குறித்து ஓர் இலக்கண ஆராய்ச்சி

ஆறப்போடல் என்பது, வந்த அப்டேட்டை வந்த அன்றே ஏற்காமல், அதன் சூடு தணியும்வரை வாசலிலேயே நிறுத்திவைத்தல். இதை மறுத்தலோடு குழப்பலாகாது. மறுப்பவர் ‘வேண்டாம்’ என்கிறார். ஆறப்போடுபவர் ‘இப்போது வேண்டாம்’ என்கிறார். மறத்தலோடும் குழப்பலாகாது. திரையின் மூலையில் அப்டேட் காத்திருப்பதாகச் சொல்லும் சிறு சின்னம் மறந்தவரை உறுத்துவதில்லை. ஆறப்போடுபவரை உறுத்தும். உறுத்தியும் அவர் அழுத்தமாட்டார்.

லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கு இல்லாத அச்சம் டெஸ்க்டாப்புக்கு மட்டும் எதற்கு எனின், கூறுதும். புதிய கெர்னல் ஒத்துவராவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழையதைத் தேர்ந்துகொள்ளலாம். உபுண்டு, ஃபெடோரா போன்ற டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வழங்கல்கள்) ஒன்றிரண்டு பழைய கெர்னல்களை விட்டுவைக்கின்றன. டெஸ்க்டாப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. பழைய பேனலும் புதிய பேனலும் ஒரே வட்டில் குடியிருக்கமாட்டா. இன்னொன்று: கெர்னலில் உள்ள வழு பல நாள் கண்ணிலேயே படாது. டெஸ்க்டாப் வழுவோ முகத்துக்கு நேரே நிற்கும். காப்பி செய்தது பேஸ்ட் ஆகாது. இரண்டாவது மானிட்டரைச் செருகினால் பேனல் இங்கிருந்து அங்கே ஓடிவிடும். மூடிவைத்த மடிக்கணினியைத் திறந்தால் கருந்திரையில் சுட்டி மட்டும் மிதக்கும். நாளை காலை அலுவலகத்தில் வேலை கொடுக்க வேண்டியவருக்கு இவற்றில் ஒன்று போதும்.

இத்துறைக்கு முன்னூல் இல்லாமையால் முதல் நூற்பாவை யாமே இயற்றினோம்:

சுழியம் ஈறாய் வரூஉம் பதிப்பைத்
தொழுதல் ஆகும், தொடுதல் ஆகாதே.

உரை: பதிப்பெண்ணின் கடைசியில் 0 நின்றால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்றவாறு. எடுத்துக்காட்டு: 2008 ஜனவரி 11 அன்று வெளிவந்த, கேடிஇ என்னும் டெஸ்க்டாப்பின் 4.0. அடித்தளம் புதிதாகிவிட்டது, இனி இதன்மேல் நிரல்கள் எழுதலாம் என்று நிரலாளர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் சொல்வதே அந்தப் பதிப்பின் நோக்கம் என்று அதை எழுதியோர் விளக்கினார்கள். ஆனால் 4.0 என்ற எண்ணைப் பார்க்கும் மனிதர் அதற்குக் கீழே உள்ள விளக்கத்தைப் படிப்பதில்லை. டிஸ்ட்ரோக்களும் படிக்கவில்லை போலும். ஃபெடோரா 9 அதே ஆண்டு மே மாதம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த 3.5-ஐ எடுத்துவிட்டு 4.0 வரிசையை வைத்தது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கேடிஇ-யை விட்டு க்னோம் என்ற மற்றொரு டெஸ்க்டாப்புக்குப் போனார். 2011 ஏப்ரலில் க்னோம் 3.0 வந்ததும் அதையும் பொறுக்காமல் எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறினார். 2013-இல் க்னோமுக்கே திரும்பினார். கெர்னலைத் தொடங்கிய கை டெஸ்க்டாப்புக்கு முன்னால் இவ்வளவு அலைந்ததென்றால், நூற்பாவின் தேவை விளங்கும்.

சுழியத்தைத் தவிர்த்தால் எந்த எண்ணில் தொடலாம்? இங்கேதான் நம் துறை கணிதத்தோடு கைகோக்கிறது. கேடிஇ-யின் இன்றைய டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவின் திருத்தப் பதிப்புகள் ஃபிபனாச்சி எண்வரிசைப்படி வருகின்றன. முதல் திருத்தம் ஒரு வாரத்தில். அடுத்தது இன்னொரு வாரத்தில். பிறகு இரண்டு, மூன்று, ஐந்து வாரங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பிளாஸ்மா 6.0 வந்தது 2024 பிப்ரவரி 28. தொடர்ந்து 6.0.1 மார்ச் 6, 6.0.2 மார்ச் 12, 6.0.3 மார்ச் 26, 6.0.4 ஏப்ரல் 16, 6.0.5 மே 21. முதலில் வழுக்கள் கூட்டமாக அகப்படும், போகப்போக அருகும் என்ற அனுபவத்தை நாட்காட்டியாக மாற்றியிருக்கிறார்கள்.

பீசா நகரத்து ஃபிபனாச்சியின் நூல் 1202-ஐச் சேர்ந்தது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஒரு மாத்திரை, இரு மாத்திரை அசைகளால் ஓர் அடியை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணிய ஹேமச்சந்திரர் இதே வரிசையைக் கண்டிருந்தார். ஆக, பிளாஸ்மாவின் திருத்தங்கள் யாப்பிலக்கணத்துக்கு உட்பட்டே வருகின்றன. நூற்பா இயற்றியது மிகையென்று முகம் சுளித்தவர்கள் இப்போது சுளிப்பை எடுத்துவிடலாம்.

கணக்கைத் தொடர்வோம். ஐந்தாம் திருத்தத்துக்குக் காத்திருந்தவர் பன்னிரண்டு வாரம் பொறுத்தார். அடுத்த பதிப்பான 6.1 வந்தது ஜூன் 18. மே 21 முதல் ஜூன் 18 வரை சரியாக 28 நாள். மூன்று மாதப் பொறுமைக்கு நான்கு வார நிம்மதி! அதன்பின் 6.1-க்கான பொறுமை தொடங்கும். 6.1 முதிரும்வரை முதிர்ந்த 6.0-இலேயே இருந்துவிடலாமே எனின், இருக்கலாம், டிஸ்ட்ரோ விட்டால்.

இவ்விடத்தில் பள்ளிகள் இரண்டாகப் பிரிகின்றன. ‘ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலாகாதா’ என்பது பொறுமைப் பள்ளியின் மந்திரம். ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்பது எதிர்ப்பள்ளியின் மறுமொழி. முதலாமவர் மெல்ல நகரும் டெபியன் ஸ்டேபிளில் வாழ்கிறார்கள், இரண்டாமவர் புதியதை உடனுக்குடன் தரும் ஆர்ச்சில். ஒரே அடுப்பங்கரையிலிருந்து இரு தரப்புக்கும் சான்று கிடைப்பதால் பழமொழிவழி இவ்வழக்கைத் தீர்க்க இயலாது எனத் தள்ளுபடி செய்கிறோம்.

தீர்வுக்கு வழுவின் வகை அறிதல் வேண்டும். முதலாவது, புதுவழு: நேற்றுவரை இல்லாதது, இன்று வந்தது. இரண்டாவதை இலக்கணத்தாரிடம் கடன் வாங்கி வழுவமைதி என்கிறோம். வழுதான், ஆனால் பழகிவிட்டது. இந்த விட்ஜெட்டை இரண்டு முறை அழுத்தினால்தான் திறக்கும், கேபிளைப் பிடுங்கிச் செருகினால் ஒலி வரும் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. ஆறப்போடுபவரின் ஆழ்ந்த கொள்கை இதுவே: எண்ணிக்கை முக்கியமில்லை. பத்துப் புதுவழுவைவிட நூறு வழுவமைதி மேல். அப்டேட்டில் ஐம்பது வழுக்கள் களையப்பட்டன என்று அறிவிப்பு வந்தால் அவர் மகிழ்வதில்லை. களைந்த கை எதை விதைத்துவிட்டுப் போயிற்று என்றே கேட்பார். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

மூன்றாவது வகையே கொடியது: வழுப்போலத் தோன்றும் கொள்கை முடிவு. க்னோம் 3.0-இல் சாளரத்தைச் சுருக்கும் பொத்தான் காணாமற்போனது. கோளாறு என்று கருதியவர்களுக்குக் கிடைத்த விடை, வேண்டுமென்றே எடுத்தோம் என்பது. பிளாஸ்மா 6.0-இல் ஒரே சொடுக்கில் திறந்த கோப்புறை இரண்டு சொடுக்கு கேட்கத் தொடங்கியதும் இவ்வகையே. நல்ல வேளை, அதை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். புதுவழு காத்திருந்தால் தீரும். கொள்கை முடிவு எத்தனை திருத்தப் பதிப்பு வந்தாலும் தீராது. ஆறப்போடல் என்னும் மருந்து பலிக்காத ஒரே நோய் இது.

பலிக்காதபோது என்ன செய்வது? கேடிஇ 4 வேண்டாம் என்றவர்களுக்காக 3.5-ஐ டிரினிட்டி என்ற பெயரில் சிலர் காப்பாற்றினார்கள். க்னோம் 3 வேண்டாம் என்றவர்களுக்காக க்னோம் 2 மாட்டே ஆயிற்று. ஒரே ஒரு அப்டேட்டை நிரந்தரமாக ஆறப்போட்ட இயக்கங்கள் இவை. பழையதைப் பழையதாகவே வைத்திருக்கவும் நிரல் எழுத வேண்டியிருந்தது. எழுதியதை வெளியிட வேண்டியிருந்தது. மாட்டேயும் டிரினிட்டியும் புதிய பதிப்புகள் விடுகின்றன. அவற்றையும் ஆறப்போடுவோர் இல்லாமலா இருப்பார்கள்?

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. உபுண்டு, டெபியனில் ஒரு பொதியை ‘ஹோல்டு’ செய்யலாம். ஆர்ச்சில் பொதி மேலாளரான பேக்மேனின் அமைப்புக் கோப்பில் பெயரைச் சேர்த்தால் அது தீண்டப்படாது. ஆனால் ஆர்ச்சில் பாதியை நிறுத்திப் பாதியை ஏற்றுவது ஆதரிக்கப்படாத செயல். பிளாஸ்மாவைப் பிடித்துவைத்து, அதன் கீழே உள்ள க்யூட் நூலகத்தை மட்டும் ஏறவிட்டால், எந்த வழுவுக்கு அஞ்சினோமோ அதைவிடப் பெரியதை நாமே செய்துவிடுகிறோம். ஆர்ச் போன்ற உருளும் டிஸ்ட்ரோவில் எல்லாவற்றையும் ஆறப்போடு, அல்லது எதையும் ஆறப்போடாதே. எல்லாவற்றையும் என்றால் உலாவியின் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்து நிற்கும். அது ஆறப்போடலன்று, மடமை.

ஆகவே அறிவுடையோர் பொறுப்பையே டெபியனிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அங்கே பாதுகாப்புத் திருத்தம் தனி வழியில் வரும், டெஸ்க்டாப் அசையாது. 2024 பிப்ரவரியில் பிறந்த பிளாஸ்மா 6-ஐ டெபியன் ஸ்டேபிள்காரர் சந்தித்தது 2025 ஆகஸ்ட் 9 அன்று, டெபியன் 13-இல். அதுவும் 6.3 ஆக வளர்ந்த பிறகு. எக்ஸ்எஃப்சிஇ அன்பர்களுக்கு இந்தச் சிரமமும் இல்லை. 4.12 வந்தது 2015 பிப்ரவரி, 4.14 வந்தது 2019 ஆகஸ்ட். படைத்தவர்களே ஆறப்போட்டுவிட்டுத்தான் பரிமாறுகிறார்கள்.

பொறுமைப் பள்ளி தன் வெற்றியாகக் காட்டும் நாள் 2024 மார்ச் 29. எக்ஸ்இசட் என்ற சுருக்கல் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருப்பது அன்று வெளியானது. புதியதை உடனே ஏற்றியவர்கள் பதறினார்கள். டெபியன் ஸ்டேபிளில் இருந்ததோ பழைய பதிப்பு. ஆபத்து அதைத் தொடவே இல்லை.

வெற்றிவிழாவுக்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கள்ளக்கதவைக் கண்டவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற நிரலாளர். தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆவதேன் என்று துருவிப்போய்க் கண்டார். அவர் அப்போது பயன்படுத்திக்கொண்டிருந்தது டெபியனின் நிலையற்ற கிளை. அதன் பெயர் சிட். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர். ஆறப்போடாத ஒருவர் சூட்டைத் தாங்கியதால்தான் ஆறப்போட்டவர்கள் தப்பினார்கள்.

வழு காலத்தால் சாவதில்லை. முந்திக்கொண்டு ஏற்றியவர் அதை மிதித்து, அலறி, வழுப்பதிவு எழுதிய பின்பே சாகிறது. எல்லாரும் மூன்றாம் திருத்தத்துக்குக் காத்திருந்தால் யாரும் மிதிக்காத வழுக்கள் அப்படியே அமர்ந்திருக்கும். மூன்றாம் திருத்தமே புதிய சுழியம் ஆகிவிடும். இது வெறும் ஊகம் என்பாருக்கு உபுண்டுவைக் காட்டுகிறோம். நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றில் இருப்பவருக்கு அடுத்ததை அது உடனே நீட்டுவதில்லை. முதல் திருத்தம் வரட்டும் என்று நிறுத்திவைக்கிறது. ஆறப்போடலை அரசாணையாக்கிய ஏற்பாடு. 2024 ஏப்ரலில் வந்த 24.04-இன் முதல் திருத்தம் ஆகஸ்ட் 15-க்குத் திட்டமிடப்பட்டு, 29-க்குத் தள்ளிப்போனது. அன்று கதவு திறந்து காத்திருந்தோர் உள்ளே நுழையத் தொடங்கினர். சில நாளிலேயே, பழையதிலிருந்து புதியதற்கு ஏற்றும் கருவியிலேயே பெரிய வழு இருப்பது தெரிந்து கதவை மறுபடி மூடினார்கள். நான்கு மாதம் பொறுத்தவர்களே அக்கருவியின் சோதனையாளர்கள் ஆனார்கள்.

இதைக் கண்டு இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று இரண்டாம் திருத்தத்துக்குக் காத்திருந்தவர்களும் உண்டு. அது 2025 பிப்ரவரி 13-க்கு வருவதாக இருந்தது. ஒரு வாரம் தள்ளி 20-ஆம் தேதி வந்தது.