காளை, குழாய், காப்பீடு: ஒன்பதாம் விலக்குக்கு ஓர் உரை

மருத்துவக் காப்பீடு பற்றி எழுதுவோர் நோயை ஆராய்ந்திருக்கிறார்கள், மருத்துவமனைச் செலவை ஆராய்ந்திருக்கிறார்கள், பிரீமியத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்திருக்கிறார்கள். பாலிசிப் பத்திரத்தை ஓர் இலக்கண நூலாகப் பாவித்து உரை காண முன்வந்தவர் மட்டும் அரியர். அந்தக் குறையை ஓரளவு போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்குக் கொண்ட மாந்தர், மதுரைப் பக்கம் சொந்தமாக பிளம்பர் வேலை பார்த்துக்கொண்டு தை பிறந்தால் வாடிவாசலில் நிற்கும் இளைஞர். அவருக்குச் சம்பளம் தர முதலாளி இல்லை. விட முடியாத அபாயப் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. இப்படிப்பட்டவர் காப்பீடு தேடிப் புறப்பட்டால் என்ன நேரும்? என் கருதுகோள் ஒன்றே ஒன்றுதான்: காப்பீட்டு உலகில் சுயதொழில் செய்பவரின் தொழில் பொழுதுபோக்காகவும், அவருடைய பொழுதுபோக்கு தொழிலாகவும் எண்ணப்படுகின்றன. இதற்குத் 'தலைமாற்று விதி' என்று பெயர் சூட்டிக்கொள்வோம். பெயர் சூட்டாத கண்டுபிடிப்பை ஆய்வுலகம் மதிப்பதில்லை.

விதியின் முதற்பாதிக்குச் சான்று தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம், அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்வது, மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு மருத்துவம் தருகிறது. தொழிலாளி 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு கட்டினால் போதும். நம் பிளம்பருக்கு இரண்டையும் தாமே கட்டச் சம்மதம்தான். ஆனால் தமக்குத் தாமே முதலாளியாக இருப்பதைச் சட்டம் ஏற்காது. நாளை அவர் பத்துப் பேரை வேலைக்கு வைத்தால் அந்தப் பத்துப் பேருக்கும் இ.எஸ்.ஐ. அட்டை வரும், அவருக்கு வராது. சரி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றால், அது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது, உண்மை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதும் உண்மை. கணக்குப் போட்டால் மாதம் பத்தாயிரம். ஊரில் நாலு மோட்டார் பழுதாகி இரண்டு தொட்டி ஒழுகினாலே அந்த வரம்பு உடைந்துவிடும்.

எஞ்சியிருப்பது தனியார் பாலிசி. இங்கே விபத்துக் காப்பீட்டைத் துணைக்கு எடுக்கும்போதுதான் முதற்பாதி முழுதாக விளங்குகிறது. அடிபட்டுப் படுத்தால் வாராவாரம் இழப்பீடு தரும் பிரிவு ஒன்று அதில் உண்டு. மருத்துவ விடுப்பு இருக்கும் சம்பளக்காரரைவிட, படுத்தால் வரவு நின்றுபோகும் பிளம்பருக்குத்தான் அது தேவை. ஆனால் காப்பீட்டுத் தொகையை ஆண்டு வருமானத்தின் மடங்காக நிர்ணயிப்பதே வழக்கம். வருமானத்துக்கோ சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ காட்ட வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக ஊருக்கே குழாய் மாட்டியவர் என்றாலும், ரொக்கமாக வாங்கிய கூலிக்குச் சீட்டு ஏது? 2020 ஜூலை முதல் உத்யம் பதிவு வந்திருக்கிறது. அது அவரைக் குறுந்தொழில் முனைவோர் என்று ஒப்புக்கொள்கிறது. எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அது சாட்சி சொல்லாது. ஆக, படிவத்தின் கண்ணுக்கு அவர் ஓய்வு நேரத்தில் குழாய்களோடு விளையாடுபவர்.

இனி இரண்டாம் பாதி. இதற்கு மூலபாடம், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட பொது விலக்குகளின் வரிசையில் ஒன்பதாவது. அதன் கருத்து: அபாயகரமான அல்லது சாகச விளையாட்டில் தொழில்முறையாளராகப் பங்கேற்றதால் நேரும் சிகிச்சைச் செலவு கிடைக்காது. பாராசூட்டில் குதித்தல், பாறை ஏற்றம், மலையேற்றம், ராஃப்டிங், மோட்டார் பந்தயம், குதிரைப் பந்தயம், ஸ்கூபா, ஆழ்கடல் மூழ்கல் என்று ஒரு பட்டியலும் உண்டு. ஜல்லிக்கட்டு அதில் இல்லை. ஆனால் இவை மட்டுமல்ல என்ற குறிப்பு பட்டியலின் வாசலிலேயே நிற்கிறது. நச்சினார்க்கினியர் இருந்திருந்தால், 'ஓதாதனவும் இவ்விலேசினாற் கொள்க' என்று ஏறுதழுவலை உள்ளே இழுத்திருப்பார். கோரிக்கைப் பிரிவு அலுவலரும் அதே உரைமரபில் வந்தவர்தான். எனினும் உரையாசிரியர்கள் இருவருமே தாண்டிப்போக முடியாத சொல் ஒன்று சூத்திரத்தின் நடுவே கிடக்கிறது. தொழில்முறையாளராகப் பங்கேற்றால் மட்டுமே விலக்கு. வாழ்நாளில் ஒருமுறை கோவளத்தில் அலைச்சறுக்கு ஆடியவரையோ, ஆசைக்கு மலை ஏறியவரையோ இந்த விலக்கு தொடுவதில்லை. பல முகவர்களும் அவர்களிடம் வாங்குபவர்களும் இதை அறியாமல், 'சாகச விளையாட்டா, கிடைக்காதுங்க' என்று வாசலிலேயே கதையை முடித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் நம் பிளம்பர் மாடுபிடியில் தொழில்முறையாளரா? ஆம் என்பார் வாதம் இது: அலங்காநல்லூரில் அதிகக் காளைகளை அடக்கியவருக்குக் கார் கொடுக்கிறார்கள், சுற்றுக்குச் சுற்று தங்கக் காசும் சைக்கிளும் பீரோவும் பறக்கின்றன, பரிசு வாங்கினால் அது தொழில். இவ்வாதம் நில்லாது. ஒருவர் தொழில்முறை விளையாட்டு வீரரல்லாதபோது போட்டியில் வென்ற பரிசை வருமான வரிக்காரர்கள் தொழில் வருவாயில் சேர்ப்பதில்லை. பிற வழி வருவாயில்தான் வைக்கிறார்கள். ஒரு ரூபாய் வந்தாலும் அதற்குத் தொழில் என்று பெயர் வைக்கக் காத்திருக்கும் துறையே இதைத் தொழில் என்று சொல்லாதபோது, காப்பீட்டு நிறுவனம் எந்த அளவுகோலால் சொல்லும்? மேலும் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி திமிலைப் பற்றியபடி 15 மீட்டர் ஓடுவதோ, 30 வினாடி நிற்பதோ, மூன்று துள்ளல் தாங்குவதோதான் அடக்கியதற்கு அடையாளம். 30 வினாடிப் பணிக்குத் தொழில் வரி கேட்கும் ஊராட்சி எதுவும் இல்லை. பீரோவைத் தலையில் சுமந்து வீட்டுக்குப் போவது தொழிலென்றால் ஏற்றுக்கூலியாவது கேட்டிருப்பார்.

விபத்துக் காப்பீட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் மூவகை அபாயப் பிரிவு இன்னும் சுவையானது. முதற்பிரிவில் கணக்காளர், வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர். இரண்டாவதில் கட்டட ஒப்பந்தக்காரர், ஓட்டுநர், உடலுழைப்பாளர். கால்நடை மருத்துவரும் இங்கேதான், அதாவது காளைக்கு ஊசி போடுபவரின் அபாயம் முறையாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவதில் சுரங்கத் தொழிலாளரோடு சர்க்கஸ்காரர், ஜாக்கி, மலையேறுபவர், போலோ ஆடுபவர், பனிச்சறுக்கர், ஐஸ் ஹாக்கி வீரர், பெருவிலங்கு வேட்டையாளர் எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுரங்கம் பிழைப்பு, போலோ பொழுதுபோக்கு. பட்டியலுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. பொழுதுபோக்கு தொழிலாவதற்கு இதைவிட எழுத்துச் சான்று வேண்டுமா? பெருவிலங்கு வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துபோன கதை என்பதும், ஐஸ் ஹாக்கி ஆட மதுரையில் இயற்கை ஒத்துழைக்காது என்பதும் பட்டியலை அசைக்கவில்லை. எந்தச் சீமையிலோ எப்போதோ எழுதிய வரிசை கப்பலேறி வந்து இன்னும் இறங்காமல் இருக்கிறது. புலியைச் சுடுபவருக்கு அதில் இடம் உண்டு. காளையைத் தழுவுபவர் 'இவை போன்ற அபாயமுள்ள செயல்கள்' என்ற வாலில் தொங்க வேண்டும். இத்தனைக்கும் கலித்தொகையின் முல்லைக்கலி, ஏறு தழுவும் ஆயர்களையும் கொம்பில் குடல் சரிவதையும் ஒளிவுமறைவின்றிப் பாடிவைத்திருக்கிறது. ஆயர்களுக்கு மாடு மேய்ப்பது சொந்தத் தொழில், மாடு தழுவுவது வீரவிளையாட்டு. சுயதொழிலும் அபாயப் பொழுதுபோக்கும் கூடிய குழுவுக்கு நம் இலக்கியத்தில் இதைவிடப் பழைய ஆவணத்தைக் காட்டுவது கடினம்.

தடை எழுப்புவோர் இல்லாமல் இல்லை. முதல் தடை, நிறுவனத்தின் பக்கமிருந்து: காப்பீடு என்பது பொதுப்பானை, சதுரங்கம் ஆடுபவர் போட்ட அரிசியில் மாடு பிடிப்பவர் ஏன் கூடுதலாக உண்ண வேண்டும்? நியாயமான கேள்வி. அபாயத்தைக் கேட்கட்டும், கூடுதல் பிரீமியமும் வாங்கட்டும். ஆனால் உண்மையான அபாயத்தைக் கேட்கட்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அவ்வாண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நம் பிளம்பர் ஆண்டில் ஓரிரு நாள், அதுவும் மருத்துவர் பரிசோதித்து அனுமதித்த பிறகு, களத்தில் இறங்குகிறார். ஆண்டு முழுதும் பத்தடிக் குழாயைக் குறுக்கே வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் சுற்றுச்சாலையைக் கடக்கிறார். எந்தப் படிவமும் இரண்டாவதைச் சாகசம் என்று கேட்பதில்லை. அதைவிட முக்கியம், பெரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் சனி ஞாயிறுகளில் கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலும் பைக்கைச் சாய்த்து ஓட்டினாலும், குழுக் காப்பீட்டில் சேரும்போது பொதுவாக யாரும் அவரிடம் பொழுதுபோக்கைக் கேட்பதில்லை. அபாயம் விளையாட்டில் இருந்தால் இருவரிடமும் கேட்டிருக்க வேண்டும். சம்பளம் வாங்குபவருக்கு அது பொழுதுபோக்காகவே இருந்துவிடுகிறது. சம்பளம் இல்லாதவருக்குத்தான் அது தொழிலாக மாறுகிறது.

இரண்டாம் தடை, நண்பர்கள் பக்கமிருந்து: 'எழுதாம விட்டுடுங்கண்ணே, அவனுக்கு எப்படித் தெரியப்போகுது?' இது தடைகளுள் மிகப் பரவலானது, மிக மோசமானதும் கூட. காப்பீட்டு ஒப்பந்தம் உச்ச நம்பிக்கையின் மேல் நிற்பது. கேட்ட கேள்விக்கு மறைத்து எழுதியது தெரிந்தால் கோரிக்கை மட்டுமல்ல, பாலிசியே போகலாம். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டினால் மறைத்ததைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்ற பாதுகாப்பு 2024இல் வந்தது; அதுவும் மோசடி என்று நிரூபித்தால் செல்லாது. தவிர, உலகத்தில் மறைக்கவே முடியாத பொழுதுபோக்கு ஒன்று உண்டென்றால் அது மாடுபிடிதான். முதுகில் எண் அச்சிட்ட பனியன், மைக்கில் பெயர் சொல்லி அழைக்கும் வர்ணனை, காலை முதல் மாலை வரை தொலைக்காட்சி நேரலை, மறுநாள் நாளிதழில் படம். கோரிக்கை அலுவலர் துப்பறிய வேண்டியதில்லை. பொங்கலன்று வீட்டில் கரும்பு கடித்துக்கொண்டே அவரும் பார்த்திருப்பார்.

பாலிசிப் பத்திரத்தில் மாட்டுக்குச் சாதகமான இடமும் ஒன்று உண்டு என்பதை நடுநிலை கருதிச் சொல்ல வேண்டும். புதிய பாலிசியில் முதல் 30 நாள் நோய்க்குக் காத்திருப்புக் காலம், விபத்துக்கு இல்லை. ஆகவே மாட்டுப் பொங்கலுக்கு முதல் நாள் பாலிசி தொடங்கி, மறுநாள் காளை தூக்கி எறிந்தால், ஒன்பதாம் விலக்கு குறுக்கே வராதவரை செலவு கிடைக்க வழியுண்டு. அதே நாளில் டெங்கு வந்து படுத்தால் கிடைக்காது. அபாயத்தைக் கண்டு அஞ்சும் ஒரு பத்திரம், கொசுவைவிடக் காளையை நம்புவது ஆராயத்தக்கது. இடம் போதாமையால் அது வேறு ஆய்வாளருக்கு விடப்படுகிறது.

எனவே சொந்தத் தொழிலும் சாகச ஆசையும் உள்ள வாசகருக்கு இவ்வாய்வு சொல்லக்கூடியது இது. படிவத்தில் பொழுதுபோக்கை மறைக்காமல் எழுதுங்கள்; கூடவே, இது பிழைப்புக்கான தொழில் அல்ல என்றும் எழுதுங்கள். ஒன்பதாம் விலக்கை உங்கள் விளையாட்டுக்கு எப்படிப் பொருள் கொள்கிறார்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். முகவரின் வாய்மொழி உரை எந்த மன்றத்திலும் எடுபடாது. வருமானம் குறைவென்றாலும் ஆண்டுதோறும் வரிக் கணக்குத் தாக்கல் செய்துவிடுங்கள். விபத்துக் காப்பீட்டில் உங்கள் தொழிலைத் தொழிலென்று நிரூபிக்க அதைவிடச் சுலபமான காகிதம் கிடைக்காது. கோரிக்கை மறுக்கப்பட்டு, நிறுவனத்திடம் முறையிட்டும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்சம் வரையிலான வழக்கை அங்கே கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் வரை அதைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு; ஒன்பதாம் விலக்கை அதற்குள் வாசித்துவிடுங்கள்.