பேட் மாற்றியல்: வீட்டு வாசலில் நிகழும் ஒரு சடங்கு குறித்த ஆய்வு முன்னுரை

காரின் முன்சக்கரப் பிரேக் பேட்டுகளை வொர்க்‌ஷாப்புக்குப் போகாமல் வீட்டிலேயே கழற்றி மாற்றும் வழக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. டிரம் பிரேக், ஹேண்ட் பிரேக், மாமனார் வீட்டு வாசலில் வைத்து மாற்றுதல் ஆகிய மூன்றும் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை. மூன்றாவது தனி நூலுக்குரிய பொருள். பின்சக்கரங்களை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. பிரேக்கை மிதித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் ஏறத்தாழ 70 விழுக்காடு முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. நம்மூர்ச் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் இன்றும் டிரம்தான். அது சத்தமில்லாமல் தன் பாட்டுக்குக் கிடப்பதால் ஆய்வாளர்கள் எவரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

முன்னாய்வுகள் என்று பார்த்தால், இத்துறையின் ஆதி ஆசிரியர் பெர்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில் கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவருடைய மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, மகன்கள் இருவருடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். இறக்கங்களில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியைப் பிடித்துக் கட்டைமேல் தோலை அறையச் சொன்னார். உலகின் முதல் பிரேக் அப்கிரேடு இதுவே என்பது பெரும்பான்மையோர் துணிபு. அது கம்பெனியில் நடக்கவில்லை, வண்டியைச் செய்தவர் கையாலும் நடக்கவில்லை என்பதை வீட்டு வாசல் ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். பின்னர் 1902இல் இங்கிலாந்தின் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வைத்த செம்புப் பட்டைகள் போட்ட கிறீச்சொலியைத் தெரு தாங்கவில்லை. 1953இல் லெ மான் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்ற பிறகுதான் அதற்கு மதிப்பு வந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கியைத் தேடும் ஒவ்வொருவர் மனத்திலும் அந்த லெ மான் சற்றே ஓடுகிறது என்பது இக்கட்டுரையின் துணைக் கருதுகோள்.

பேட் தேய்ந்துவிட்டதா என்று அறிவதில் மூன்று மரபுகள் உள்ளன. கிலோமீட்டர் மரபினர் மீட்டரைப் பார்த்து முடிவு செய்வர். திருச்சி நெடுஞ்சாலையில் ஓடிய கிலோமீட்டரையும் தி.நகரில் ஊர்ந்த கிலோமீட்டரையும் ஒன்றாகக் கொள்வது இவர்களின் குறை. கண்வழி மரபினர் சக்கரத்தின் இடுக்கில் டார்ச் அடித்து, புதிதில் 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த பட்டை 3 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டதா என்று நோக்குவர். எண்ணிக்கையில் மிகுந்தோர் செவிவழி மரபினர். பேட்டில் பொருத்திய சிறு இரும்பு நாக்கு டிஸ்கில் உரசிக் கீச்சிடும்வரை காத்திருப்பதும், கீச்சிட்ட பின் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பதும் இவர்கள் வழக்கு.

பேட் தெரிவுக்கு வருவோம். திணை வகுக்காமல் தமிழில் எதையும் ஆராய முடியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் குறிஞ்சி வண்டிக்குச் சூடு தாங்கும் செமி மெட்டாலிக் உரியது. இரைச்சலும் டிஸ்க் தேய்வும் அதன் கருப்பொருள். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் மருதத்துக்குச் செராமிக். அலாய் வீலில் கருந்தூள் படியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெய்தலில் எந்தப் பேட் போட்டாலும் உப்புக்காற்றில் டிஸ்க் ஒரே இரவில் துருவேறும். காலையில் முதல் மிதியில் வரும் கரகர ஒலியே இத்திணையின் இரங்கல். இப்பகுப்பைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையில் சோதித்தால் கிடைப்பது வேறு. “செராமிக்கா, செமி மெட்டாலிக்கா, எதுண்ணே நல்லது?” “ரெண்டுமே நல்லா போகுது சார்.” இந்த விடையை மறுக்கும் சான்று இதுவரை கிட்டவில்லை.

பேட்டின் விளிம்பில் பொறித்திருக்கும் எழுத்துகள் தனிக் கவனத்துக்குரியவை. கல்வெட்டாய்வாளர் பார்வையில் படாமல் போன பொறிப்பு இது. கடைசியில் வரும் ஆங்கில எழுத்து இரண்டில் முன்னது குளிர்ந்த நிலையிலும் பின்னது சூடேறிய நிலையிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். ‘ஈ’ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.45 வரை, ‘ஜி’ 0.55 வரை. டப்பாவின்மேல் தீப்பிழம்பும் பந்தயக் காரும் அச்சிட்டு, உள்ளே பழைய பேட்டில் இருந்த அதே ‘எஃப் எஃப்’ பொறித்திருந்தால் டப்பாவுக்குக் கொடுத்த காசு எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி மையக் கருதுகோள். அப்கிரேடு செய்தால் வண்டி ‘சட்டென்று’ நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 247 கிலோஜூல். முக்கால் லிட்டருக்குச் சற்று கூடுதலான குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பிரேக்குகள் அந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விட்டாக வேண்டும். வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. நல்ல பேட் இதைத் திரும்பத் திரும்பத் தாங்கும். அதன் சிறப்பு அவ்வளவே. ஒரே ஒரு முறை ஓங்கி மிதிக்கும்போது ஏபிஎஸ் பெடலைக் கடகடவென்று தட்டுகிறது என்றால், பழைய பேட்டுக்கே சக்கரத்தைப் பூட்டும் வலு இருக்கிறது என்று பொருள். வழுக்குவது டயர். மொட்டை டயருக்குமேல் விலையுயர்ந்த பேட் மாட்டும் வழக்கத்துக்குச் சமூகவியல் விளக்கம்தான் தேட வேண்டும்.

மலையிறக்கத்தில் பெடல் மெத்தென்று அமுங்குவதற்குப் பலநேரம் பேட் காரணமில்லை, பிரேக் ஆயில்தான். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140. கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் கால் தரைவரை போகும். சில நூறு ரூபாய் ஆயிலும், காலிப்பர் (பேட்டுகளை டிஸ்கில் அழுத்தும் கவ்வி) பின்னுக்குத் தடவும் ஒரு துளி சிலிக்கோன் கிரீஸும் செய்யும் நன்மையை எந்த டப்பாவும் விளம்பரப்படுத்துவதில்லை. அந்தப் பின் இறுகினால் உள்பக்கப் பேட் தகடுவரை தேய்ந்து வெளிப்பக்கம் பாதி மிச்சமிருக்கும். “செராமிக் போட்டிருக்கேன்” என்று லிஃப்டில் சொல்லலாம். “பின்னுக்கு கிரீஸ் போட்டிருக்கேன்” என்று யாரிடம் சொல்வது? ஆகவே அப்கிரேடு என்பது பெரும்பாலும் பிறரிடம் சொல்லக்கூடிய பழுதுபார்ப்பே என இக்கட்டுரை வரையறுக்கிறது.

களநிகழ்வில் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். தூக்கியபின் தளர்த்தப் பார்ப்பவர் சக்கரத்தோடு தாமும் சுற்றுவார். பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்ததும் பார்வையாளர் திரளத் தொடங்குவர். வாட்ச்மேன் முதலில் வருவார்: “நம்ம பையன் ஒருத்தன் இருக்கான் சார், சொன்னா வந்து பண்ணிட்டுப் போவான்.” அடுத்து ஓய்வுபெற்ற பொறியாளர், கையில் வெர்னியருடன். “தம்பி, பிஸ்டனைத் திருகித் தள்ளணுமா, அமுக்கித் தள்ளணுமா, பாத்துக்கிட்டியா?” கேள்வி மிகச் சரியானது, ஆனால் திருகும் வகை ஹேண்ட் பிரேக்கோடு இணைந்த பின்சக்கரக் காலிப்பர்களுக்குரியது. முன்சக்கரத்தில் நேராக அமுக்கினால் போதும். இருந்தாலும் அவரை விரட்டக்கூடாது. டிஸ்கின் விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை வெர்னியரால் சரிபார்க்க அவரை விட்டால் ஆளில்லை. மூன்றாவது குரல் பால்கனியிலிருந்து வரும்: “என்னங்க, பன்னண்டு மணிக்கு கெளம்பணும்னு சொன்னேனே.” ஆய்வின் காலவரையறையை நிர்ணயிப்பது இக்குரலே.

பிஸ்டனை சி கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளும்போது, மேலே பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியலாம். பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போச்சு. உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். காலிப்பரை ஹோஸ் பைப்பில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும். தூளை வாயால் ஊதக்கூடாது. பழைய காலப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, இன்றைய தூளும் நுரையீரலுக்கு உகந்ததன்று. எல்லாம் மாட்டியபின் வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வரச்செய்ய வேண்டும். தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை முதல் மிதி வெறும் காற்று. இதை மறந்தவர்க்கு எதிர்ச்சுவர் நினைவூட்டும்.

புதுப் பேட்டைப் பழக்கும் சடங்கு இறுதியில் வருவது. ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு இறக்குவது, முழுதும் நிறுத்தாமல் மறுபடி ஏற்றுவது. இப்படிச் சில முறை செய்தால் பேட்டின் மெல்லிய படலம் டிஸ்கில் சீராகப் படியும். பார்ப்பவர்களுக்கு இது வேறு ஏதோ நோயின் அறிகுறியாகத் தோன்றும்.

ஒரு புறக்குறிப்பு. பேட்டிலிருந்து உதிரும் செம்பு மழைநீரோடு ஆற்றில் கலந்து சால்மன் மீன்களின் மோப்ப உணர்வைக் கெடுக்கிறது என்பதால், அமெரிக்காவில் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2010இல் சட்டம் இயற்றி, 2025 முதல் செம்பை 0.5 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தின. லான்செஸ்டரின் செம்பு தெருவை எழுப்பியது, பிற்காலச் செம்பு மீனைக் குழப்பியது. உலோகத்தின் வரலாற்றில் இதற்கு ஓர் இயல் ஒதுக்கலாம்.

கழற்றிய பழைய பேட்டுகள் என்னவாகின்றன என்பது இத்துறையின் தீராத சிக்கல். அவை புதிய பேட் வந்த டப்பாவிலேயே, தீப்பிழம்புப் படம் மேலே தெரியும்படி, பரணில் ஏற்றப்படுகின்றன. பயன் யாது என வினவியபோது கிடைத்த ஒரே விடை “இருக்கட்டுமே”. பரணை ஒழிக்கும் உரிமை பால்கனிக் குரலுக்கு இருப்பதால் மேலாய்வு தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அமையும்.