டார்ச் லைட் டாக்டர்

எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் அபிப்பிராயம் என்னுடையதுதான். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

பையன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது வயிற்றுவலி, காய்ச்சல், வாந்தி. தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பு முனைக்கும் நடுவே, இடுப்பெலும்பை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கில் அழுத்தினால் அப்பென்டிக்ஸ் தெரிந்துவிடும். 1889-ல் சார்லஸ் மக்பர்னி என்ற அமெரிக்க சர்ஜன் சொன்ன இடம். விரலால் அளந்து அழுத்தினேன், அலறினான். நான் அழுத்திய அழுத்துக்கு மாவு மூட்டையே அலறியிருக்கும். "அப்பென்டிக்ஸ்தான்" என்று அறிவித்து, சென்னைக்கு போன் போட்டு மாமியாரை அழவைத்துவிட்டுத்தான் செகந்தராபாத் மாரேட்பள்ளியில் ஆட்டோ பிடித்தேன்.

குழந்தை டாக்டர் வயிற்றுப் பக்கமே போகவில்லை. "நோரு தெருவு நான்னா" என்று தெலுங்கில் வாயைத் திறக்கச் சொன்னார். டான்சில் இரண்டும் சிவந்து வீங்கி, மேலே வெள்ளைத் திட்டு. சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் புண் வந்தால் வயிறு வலிப்பதும் வாந்தி வருவதும் சகஜமாம். ஸ்கேனில் குடலை ஒட்டிய நெறிக்கட்டிகள் வீங்கியிருந்தன. அப்பென்டிக்ஸ் மாதிரியே வேஷம் போட்டுவிட்டுத் தானாக அடங்கிவிடுமாம். டான்சிலிலும் அப்பென்டிக்ஸ் எனும் குடல்வாலிலும் இருப்பது ஒரே நிணநீர்த் திசு. அதனால் குடல்வாலை வயிற்று டான்சில் என்று சொல்வதும் உண்டு. நான் குறுக்கே குறுக்கே பேசவும், "மீரு டாக்டரா?" என்றார். பேங்க் என்றேன்.

வரும் வழியிலேயே ஒரு டார்ச் வாங்கினேன். பானிபூரி வயிற்றுவலி, கணக்குப் பரீட்சை வயிற்றுவலி, எதுவானாலும் "வாயைத் திற". பக்கத்து ஃப்ளாட் ரெட்டிகாரு பேத்தியும் தப்பவில்லை.

மறு வருஷம் மறுபடி வலி. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்தது ராத்திரிக்குள் வலப்பக்கம் இறங்கியது. டார்ச் அடித்தேன். தொண்டை லேசாகச் சிவந்திருந்தது, அல்லது சிவந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். "டான்சில்தான். உப்புத் தண்ணி கொப்பளிக்கட்டும்."

"ஏங்க, புள்ள நிமிர்ந்து நடக்க முடியாமத் தவிக்கிறான்" என்றாள் மனைவி. நான் நெறிக்கட்டி பற்றி விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பையனைத் தூக்கிவிட்டாள். விடிவதற்குள் ஆபரேஷன். குடல்வால் வெடிக்கிற பதத்தில் இருந்ததாம்.

வார்டில் பையன் கேட்டான்: "டான்சிலையும் எடுத்துட்டாங்களாப்பா?"

விடுவேனா? நியூயார்க் கதையை எடுத்தேன். 1934-ல் வெளிவந்த ஆய்வு. ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளில் 611 பேருக்கு டான்சிலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. மிச்சப் பேரைப் பார்த்த டாக்டர்கள் 174 பேருக்கு எடுக்கணும் என்றார்கள். வேண்டாம் என்று விட்ட பிள்ளைகளை வேறு டாக்டர்களிடம் காட்டினால் அதிலும் 99 பேர். இன்னொரு சுற்று விட்டால் இன்னொரு 51.

"ஆக, டாக்டர்னாலே..." என்று நான் குரலை உயர்த்தியபோது நர்ஸ் வந்து, விசிட்டிங் டைம் முடிந்தது என்றாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே?"

"மேடம் இருக்கலாம் சார். உங்களுக்கு முடிஞ்சுது."