வேங்கிக்கால் ஓட்டக்காரர்

வேங்கிக்கால் ஓட்டக்காரர் ஐம்பதை ஒட்டிய வயதினர், பெரும்பாலும் ஆண், அரசு ஊழியர், வங்கி ஊழியர், ஆசிரியர் ஆகிய மூன்று இனங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் திருவண்ணாமலைக்கு வடக்கே வேலூர் சாலையில் இந்த ஊரில்தான் இருக்கிறது என்பதால் முதல் இனம் இங்கே அதிகம். மருத்துவர் சர்க்கரை அளவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய மறுநாள் இவர் நடக்கத் தொடங்கியிருப்பார். மகன் வாங்கித் தந்த கடிகாரம் தூரத்தையும் நாடித்துடிப்பையும் எண்ணிக் காட்டியதும் நடை ஓட்டமாகியிருக்கும். கடிகாரத்துக்குச் சார்ஜ் போட மறந்த நாளில் ஓடுவதில்லை. கணக்கில் ஏறாத வியர்வையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கோப்பில் ஏறாத எதுவும் நடந்ததாகாது என்று முப்பது ஆண்டு பழகிய மனம் அது.

இவருக்கு மூச்சிரைப்பைவிடப் பெரிய தொல்லை, ஓடுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருப்பதுதான். அண்ணாமலையைச் சுற்றிக் கிரிவலமாக 14 கிலோமீட்டர் நடப்பவரை இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஏதோ வேண்டுதல் என்று விட்டுவிடுவார்கள். இருபது வயதுப் பையன் ஓடினால் போலீஸ் செலக்‌ஷன். தலை நரைத்த ஒருவர் அரைக்கால் சட்டையோடு நொச்சிமலைப் பக்கம் தனியாக ஓடினால்தான் சந்தேகம் வருகிறது. மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், களையெடுக்கும் அம்மாள் நிமிர்ந்து பார்த்து, “இன்னா சார், யாருனா தொரத்துறாங்களா?” என்பார். “இல்லம்மா, சும்மா ஒடம்புக்கு.” “ஒடம்புக்குன்னா இங்க வந்து ரெண்டு பாத்தி களை எடேன் சார். கூலியும் குடுக்குறோம்.” ஓட்டப் பயிற்சி நூல்கள் எவற்றிலும் இதற்கு மறுமொழி எழுதப்படவில்லை.

வழித்தடங்களில் தொடக்கநிலையாளருக்கு உரியது ஏரிக்கரை. மண் தரை முழங்காலுக்கு இதம். தண்ணீர் இருக்கும் காலத்தில் காற்றும் குளிர்ச்சி. ஆனால் தெரிந்தவர்கள் நடமாடும் இடம். “நல்லாத்தானே இருந்தீங்க?” என்று பரிவோடு விசாரிப்பவர்களுக்குப் பயந்தே பலர் கிராமச் சாலைகளுக்குக் குடிபெயர்கிறார்கள். துர்க்கைநம்மியந்தல், இனாம்காரியந்தல், நாச்சானந்தல் என்று போகும் இந்தச் சாலைகள் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதவை. நெல், கரும்பு, மல்லாட்டை, இடையிடையே கிணற்று மோட்டார் கொட்டகை. எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் அண்ணாமலை கண்ணில் படும். வழி தவறவே முடியாது. ஓட்டத்துக்கு இதைவிட நல்ல தரை இந்த மாவட்டத்தில் தேடினாலும் கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட தரையில் ஓடுபவர் மலையையும் பார்ப்பதில்லை, வயலையும் பார்ப்பதில்லை. மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்.

அறுவடைக் காலத்தில் கேழ்வரகும் கொள்ளும் தார்ச்சாலையில் பரப்பப்படும். போகிற வண்டிகள் ஏறி மிதித்துத் தானியத்தைப் பிரித்துக்கொடுக்கும். தானியத்தை மிதிப்பது பாவம் என்று நம் ஆள் ஓரமாக ஒதுங்கித் தாண்டித் தாண்டிப் போவார். உடையவர் விடமாட்டார்: “ஏன் சார் ஓரமா போற? நடுவுலயே மிதிச்சிகினு ஓடு. ரெண்டு தரம் திரும்பி வந்தாக்கூட நல்லதுதான்.” அவரது ஓட்டத்தால் ஊருக்கு ஏற்பட்ட பயன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

நாய்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஊரின் எல்லையையும் வருவாய்த்துறை வரைபடத்தைவிடத் துல்லியமாக அறிந்தவை அவை. இவருடைய கடிகாரத்தில் பதிவான அதிவேகங்கள் எல்லாம் ஊர் எல்லைகளில் எட்டப்பட்டவையே. பிஸ்கட் போட்டுச் சமாதானம் செய்யலாம் என்பது அனுபவமில்லாதவர்கள் சொல்லும் யோசனை. போட்டால் மறுநாள் அவை குட்டிகளையும் அழைத்துக்கொண்டு வரும்.

ஓராண்டு தாக்குப்பிடித்தவர் கிரிவலப் பாதைக்கு முன்னேறுவார். அங்கே சிக்கல் காலணியில் தொடங்குகிறது. மற்றவர்கள் வெறுங்காலோடு நடக்கும் பாதையில் ஆறாயிரம் ரூபாய் ஷூவோடு ஓடுபவரைப் பெரியவர்கள் பார்க்கும் பார்வையில் ஓட்டம் தானாகவே வேகம் பிடிக்கும். “இது கிரிவலம் இல்லீங்க, பிராக்டிஸ்” என்று விளக்கம் தருவார். ஆனால் ஈசானிய லிங்கத்தருகே ஓடியபடியே கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் தவறமாட்டார். கிலோமீட்டர் ஒரு கணக்கிலும் புண்ணியம் இன்னொரு கணக்கிலும் வரவாகிறது. திசை விஷயத்தில் மட்டும் அவர் பரிசோதனை செய்வதில்லை. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுவதே பாதுகாப்பு என்று சாலைப் பாதுகாப்பு அறிவுரை சொல்கிறது. மலைப்பக்கம் சித்தர்கள் நடக்கும் வழி, மனிதர்கள் இடது ஓரமாகவே போக வேண்டும் என்று மரபு சொல்கிறது. வாழ்நாளெல்லாம் விதிகளோடு குடித்தனம் நடத்தியவர் இங்கே மரபின் பக்கம் சாய்ந்து, பின்னால் வரும் ஷேர் ஆட்டோவின் ஹாரனுக்கு ஒவ்வொரு தடவையும் துள்ளுகிறார்.

மலையை மூன்று முறை சுற்றினால் 42 கிலோமீட்டர். முழு மராத்தான் 42.195. இந்த 195 மீட்டர் அவரது மனக்குறை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் புறப்பட்ட ஓட்டம் அரங்கில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன்னால் முடிந்தது. அந்தத் தூரமே 1921-ல் உலகத்துக்கெல்லாம் விதியாயிற்று. ராணியின் வசதியைக் கேட்டவர்கள் அண்ணாமலையாரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அரை மராத்தானோ இன்னும் சங்கடம். ஒன்றரைச் சுற்றில் அது ஏறக்குறைய முடிந்துவிடும், ஆனால் ஓடியவர் மலைக்கு அந்தப் பக்கம் நிற்பார், வீடு இந்தப் பக்கம் இருக்கும். நனைந்த பனியனோடு நிற்பவரை ஆட்டோக்காரர் சீட்டைப் பார்த்து யோசித்துத்தான் ஏற்றுவார். முழு மராத்தானைப் பொறுத்தவரை, இதுவரை ஓடியது அவரது கணக்கு மட்டுமே.

இதே சாலைகளில் இன்னொரு கூட்டமும் ஓடுகிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் முடிக்க வேண்டும். அதற்காக விடியுமுன் வரும் பிள்ளைகள் பலரிடம் கடிகாரமும் இல்லை, ஷூவும் இல்லை. நம் ஆள் அவர்களை நிறுத்தி, மூச்சை எப்படி விடவேண்டும், பாதத்தை எப்படி ஊன்றவேண்டும் என்று சொல்லித்தருவார். பிள்ளைகள் “சரிங்க சார்” என்று மரியாதையோடு கேட்டுக்கொண்டு, அடுத்த நொடி கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் தேர்வானால் டீக்கடையில் செய்தி இப்படித்தான் வெளிவரும்: “நாம டிரெயினிங் குடுத்த பையன்.”

டீக்கடைதான் எல்லா வழித்தடங்களுக்கும் முடிவிடம். கென்யாவில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இட்டென் என்ற ஊரும், அங்கே செம்மண் பாதைகளில் உலக வீரர்கள் ஓடிப் பழகுவதும் இங்கேதான் விவாதத்துக்கு வரும். இட்டெனில் மூச்சு வாங்கினால் உயரம் காரணம். வேங்கிக்காலில் முந்தின இரவின் பரோட்டா காரணம். ஆறு கிலோமீட்டரில் கரைத்ததை இரண்டு மசால்வடை ஈடுகட்டுவதைக் கடிகாரம் பதிவு செய்வதில்லை. அதுவே அந்தக் கருவியின் சிறப்பு.

வெளியூரிலிருந்து வந்து இந்தச் சாலைகளில் ஓடிப்பார்க்க விரும்புவோருக்கு மார்கழியும் தையும் ஏற்ற மாதங்கள். சித்திரையில் ஏழு மணிக்கே தார் சுடும். பௌர்ணமி தேதியைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. அன்றும் கார்த்திகை தீபத்தன்றும் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றுவதால் கிரிவலப் பாதையில் ஓட இடமிராது. ஷூவைக் கழற்றிவிட்டு நடக்கத்தான் முடியும்.